மீன் சருவம் ஏறி வந்த வழி

எங்கள் பழைய வீட்டுத் திண்ணையின் ஓரத்தில், சிமெண்டுப் பூச்சின்மேல் வட்டமாக ஒரு தேய்வு இருந்தது. கடப்புறத்திலிருந்து, அதாவது கடலோர மீனவர் ஊரிலிருந்து, நாள்தோறும் மீன் கொண்டுவரும் ஒரு பெண்மணி தம் சருவத்தை, அந்த அகன்ற அலுமினியப் பாத்திரத்தை, ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் இறக்கி வைத்ததால் உண்டான தேய்வு அது. கன்னியாகுமரி மாவட்டத்தில், குளச்சலுக்கும் திங்கள்சந்தைக்கும் இடையில் உள்ள ஊர் எங்களுடையது. அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆனால் ஆனி, ஆடி மாதங்களின் இரவுகளில் அலையின் இரைச்சல் கேட்கும். காலை ஒன்பது மணி வாக்கில் "மீனு வேணுமா அக்கா" என்ற குரல் முடுக்கில் கேட்டதும், பாட்டி அடுக்களையிலிருந்து வெளியே வந்து ஒரு கை கொடுத்துச் சருவத்தை இறக்குவார். சாளை என்றால் அந்தப் பெண்மணி எண்ணிக் கூறு வைப்பார். நெத்தோலி என்றால் கையால் அள்ளி வைப்பார். விலை பேசும்போது இருவர் குரலும் அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கேட்கும் அளவுக்கு உயரும். பேச்சு முடிந்ததும் பாதி விலை சில்லறையாகவும் மீதி மரச்சீனிக் கிழங்காகவோ தேங்காயாகவோ கருப்பட்டியாகவோ சருவத்துக்குள் போகும். "ஒரு வாய் வெள்ளம் குடிச்சிட்டுப் போ மக்களே" என்று பாட்டி செம்பை நீட்டுவார்.

அந்த வட்டம் 1982-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் காய்ந்து கிடந்தது. அப்போது எனக்குப் பத்து வயது.

குளச்சலை அடுத்த மண்டைக்காட்டைப் பற்றி வெளியூர் நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, அந்த மார்ச்சில் அங்கே சண்டை எதற்காக வந்தது என்பதுதான். நடந்ததைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். மண்டைக்காடு பகவதியம்மன் கோயிலின் மாசிக்கொடை பத்து நாள் திருவிழா. கருவறையில் புற்றே அம்மனாக வணங்கப்படுகிறது. தலைவலி தீர மண்டையப்பம் படைக்கிறார்கள். கேரளத்திலிருந்தும் பெண்கள் இருமுடி கட்டி வருவதால் பெண்களின் சபரிமலை என்ற பெயரும் அதற்கு உண்டு. வருகிற பெண்கள் கடலில் நீராடிவிட்டுத்தான் கோயிலுக்குள் போவார்கள். அவர்கள் நீராடும் கடற்கரையை ஒட்டியே கத்தோலிக்க மீனவர்களின் ஊரும் தேவாலயமும் இருக்கின்றன. ஒலிபெருக்கியைப் பற்றிய பூசல் அதற்கு முன்பே புகைந்துகொண்டிருந்தது. நீராட வந்த பெண்களிடம் சிலர் தவறாக நடந்துகொண்டார்கள் என்ற பேச்சு திருவிழாக் கூட்டத்துக்குள் பரவியது. 1982 மார்ச் 1 அன்று மோதல் மூண்டு, காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் மீனவர்கள் ஆறு பேர் இறந்தார்கள். அதன்பின் சில வாரங்களுக்குக் கடலோர ஊர்களும் அவற்றை அடுத்த உள்நாட்டு ஊர்களும் தீயிலும் அச்சத்திலும் கிடந்தன. வீடுகள் எரிந்தன, வள்ளங்களும் வலைகளும் எரிந்தன, தென்னந்தோப்புகள் அழிக்கப்பட்டன.

ஆனால் அந்த வாரங்களில் எங்கள் ஊரில் நான் கண்டதற்கு இந்த விவரம் போதாது. எங்கள் ஊரில் ஒரு கல்லும் எறியப்படவில்லை. ஊர்க்கூட்டம் கூடி, கடப்புறத்து மீனை யாரும் வாங்கக் கூடாது என்று முடிவு செய்தது; வாங்கினால் அபராதம் என்றும் சொன்னது. அந்தக் கூட்டத்தில் என் பெரியப்பாவும் இருந்தார். அடுத்த நாள் முதல் முடுக்கில் அந்தக் குரல் கேட்கவில்லை. எங்கள் ஊர் விதித்த தடைக்காக அவர் வரவில்லையா, அவர்கள் ஊர் விதித்த தடைக்காக வரவில்லையா, வழியில் யாராவது மறிப்பார்கள் என்ற அச்சத்தால் வரவில்லையா என்று எங்களுக்குத் தெரியாது. பாட்டி ஒன்றும் பேசவில்லை. காலை ஒன்பது மணிக்குத் திண்ணைக்கு வந்து சற்று நேரம் நின்றுவிட்டு உள்ளே போவார். மலையாளத்துப் பக்கத்திலிருந்து வந்த கருவாட்டை யாரோ கூடுதல் விலைக்கு விற்றார்கள். அதை வாங்கிய நாளில் பாட்டி சோற்றில் கை வைக்கவில்லை.

இந்த மோதலை எல்லாரும் மதக் கலவரம் என்றே எழுதுகிறார்கள். அது பொய்யில்லை என்றாலும் முழு உண்மையும் இல்லை என்பது என் எண்ணம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தின் 18.7 லட்சம் மக்களில் இந்துக்கள் ஏறத்தாழ 49 விழுக்காடு, கிறித்தவர்கள் ஏறத்தாழ 47 விழுக்காடு, இசுலாமியர் 4 விழுக்காடு. கிறித்தவர்களில் பெரும்பகுதியினர் கடலோரத்தில் இல்லை. உள்நாட்டில் பனையும் தென்னையும் ரப்பரும் வாழையும் உள்ள ஊர்களில், இந்துக்களோடு அடுத்தடுத்த வீடுகளில், ஒரே சாதிக்குள், பல இடங்களில் ஒரே குடும்பத்துக்குள் வாழ்கிறார்கள். அண்ணன் கோயிலுக்கும் தம்பி சபைக்கும் போகிற வீடுகளை எங்கள் ஊரில் விரல்விட்டு எண்ணி முடியாது. மதம் ஒன்றே காரணம் என்றால் அந்த வீடுகளின் அடுக்களைகளிலும் அன்று நெருப்பு பிடித்திருக்க வேண்டும். பல இடங்களில் அப்படி நடக்கவில்லை. கோடு கடலுக்கும் கரைக்கும் நடுவிலே விழுந்தது. ஒரு பக்கம் முக்குவரும் பரவரும், மறுபக்கம் உள்நாட்டார் என்ற அந்தக் கோடு, சாதியாலும் தொழிலாலும் இருப்பிடத்தாலும் பேச்சின் ஏற்ற இறக்கத்தாலும் நெடுங்காலமாகப் போடப்பட்டிருந்தது. அதன்மேல் மதத்தின் நிறம் ஏறியதும் கோடு தடித்துவிட்டது.

அந்த நிறம் ஒரே நாளில் ஏறவில்லை. 1962-இல் கன்னியாகுமரிக் கடலின் பாறை மேல் சிலுவை நட்டதும் அது அகற்றப்பட்டதும், 1970 செப்டம்பரில் விவேகானந்தர் நினைவு மண்டபம் அங்கே திறக்கப்பட்டதும் இரு பக்கத்திலும் ஆழமான நினைவுகளை விட்டுச் சென்றிருந்தன. ஒரு பக்கத்துக்கு அது வெற்றி, மறுபக்கத்துக்கு இழப்பு. இரண்டு தரப்பும் உட்கார்ந்து அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளவே இல்லை. பேசித் தீர்க்காத ஒன்று இருபது ஆண்டு கழித்து வேறோர் ஊரில் வேறொரு காரணத்தோடு சேர்ந்துகொள்ளும் என்பதை மண்டைக்காட்டில் கண்டோம்.

எங்கள் மண்ணுக்குச் சண்டையும் சமாதானமும் புதியவை அல்ல. திருவிதாங்கூர் அரசின் கீழ் இந்தப் பகுதி இருந்த காலத்தில், 1820-களிலிருந்தே தோள்சீலைப் பூசல் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் மூண்டும் அடங்கியும் வந்தது. 1859 சூலை 26 அன்று மன்னர் உத்திரம் திருநாள் வெளியிட்ட அறிவிப்பு நாடார் பெண்கள் மார்பை மறைக்க உரிமை தந்தது. ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையையும் அதே அறிவிப்பு வைத்திருந்தது. அதைச் சமாதானம் என்று சொன்னால் அரைச் சமாதானம் என்றே சொல்ல வேண்டும். மேலே இருந்தவர்கள் இறங்கி வராமல், கீழே இருந்தவர்கள் மேலே வந்துவிடாதபடி நடுவில் ஒரு படியை வைத்துத் தந்த ஏற்பாடு அது. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் செய்தது வேறு வகை. 1851-இல் மறைந்த அவர், எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்க முந்திரிக் கிணற்றை உண்டாக்கினார். எல்லாரையும் ஒரே பந்தியில் அமர்த்தினார். அவர் யாரிடமும் அறிவிப்பு வாங்கவில்லை. கிணறு தோண்டி முடிந்ததும் அங்கே தண்ணீர் எடுக்க வருகிறவர் எவரோ அவரே அந்தச் சமாதானத்தின் சாட்சி. இவ்விரண்டில் எது நீடிக்கும் என்று கேட்டால், தயங்காமல் கிணறு என்றே சொல்வேன்.

1982-இல் சமாதானம் பேச வந்தவர்களில் இந்த மாவட்டம் இன்றும் மறக்காத ஒருவர் குன்றக்குடி அடிகளார். சைவ மடம் ஒன்றின் தலைவர் கடப்புறத்து ஊர்களுக்கும் உள்நாட்டு ஊர்களுக்கும் நேரில் போய் மக்களிடம் பேசினார். மறைமாவட்டத் தலைவர்களோடும் அரசோடும் சமாதானக் கூட்டங்களில் அமர்ந்தார். காவியுடை அணிந்த ஒருவர் மீனவர் ஊருக்குள் போனது அன்றைய சூழலில் எவ்வளவு பெரிய செயல் என்பதை இப்போதைய இளையோரிடம் விளக்குவது கடினம். அவருடைய முயற்சியால் சமயத் தலைவர்கள் ஒன்றாகக் கூடும் திருவருட்பேரவை இங்கே வேர் பிடித்தது. என் பெரியவர்கள் அவரைப் பற்றிச் சொல்லும்போது, எதிர்த்தரப்பைச் சமாதானப்படுத்தியதைவிட, தம்மை வணங்கி வந்தவர்களிடமே தவறைச் சுட்டிக்காட்டினார் என்பதை முதலில் சொல்வார்கள். பின்னாளில் என் வேலையில் நான் கண்ட ஒவ்வொரு சமரசத்திலும் இது தேவைப்பட்டது. எதிராளியிடம் நியாயம் பேச யாராலும் முடியும். சொந்த ஆட்களிடம் "இதில் நம் பக்கம்தான் தப்பு" என்று சொல்லி, அவர்களிடம் வசவு வாங்கிக்கொண்டு, மறுநாளும் அதே ஊரில் தலைநிமிர்ந்து நடக்கக்கூடிய ஒருவர் இரண்டு பக்கத்திலும் இல்லையென்றால் மேடை போட்டும் பயனில்லை.

அரசு தன் பங்குக்கு நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. அதன் பரிந்துரைகள் பலவற்றை ஏற்று 1986-இல் அரசாணை வந்தது. புதிய வழிபாட்டிடம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்ற நடைமுறை இந்த மாவட்டத்தில் இன்றுவரை அன்றாடப் பேச்சில் இருப்பதற்கு அதுவே வழி. அந்த ஆணையத்தின் பரிந்துரைகள் எல்லாவற்றையும் இரண்டு தரப்பும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. அதைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை.

மீன்காரப் பெண்மணி திரும்பி வந்தது மே மாதத்தில். கூட்டம் எதுவும் அவரை அழைத்து வரவில்லை. ஒருநாள் காலையில், வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரலில், "அக்கா" என்று மட்டும் முடுக்கிலிருந்து ஓர் ஒலி. சருவத்தில் பாதிக்குமேல் இல்லை. சாளை மட்டும், அதுவும் சிறியது. பாட்டி வெளியே வந்தார். எதிர்வீட்டுத் திண்ணையில் என் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். ஊர்க்கூட்டத்தின் தடை அப்போதும் நீக்கப்படவில்லை. பாட்டி ஒரு கை கொடுத்துச் சருவத்தை அந்த வட்டத்தின்மேல் இறக்கினார். அந்தப் பெண்மணி கூறு வைக்கத் தொடங்கியபோது அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். அன்று விலை பேசவில்லை. பாட்டி கேட்டது ஒன்றுதான்: "வீட்டுல எல்லாரும் சொகமா?" அவர் பதில் சொல்லாமல் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செம்பில் தண்ணீர் வந்தது. பெரியப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அபராதம் கேட்டு யாரும் வரவில்லை. ஒரு வாரத்துக்குள் ஊரில் நாலைந்து வீடுகளில் மீன் வாசனை எழுந்தது. ஊர்க்கூட்டம் அந்தத் தடையை முறைப்படி விலக்கியதாக எனக்கு நினைவில்லை. அதை யாரும் பின்பற்றாமல் போனார்கள், அவ்வளவே.

இரண்டு பக்கத்திலும் பெண்கள் இப்படி ஒருவருக்கொருவர் முகம் காட்டியதை எந்த அறிக்கையும் எழுதவில்லை. மீன் பிடிக்கும் ஆண் கடலில் இருக்கிறான், தோப்பில் வேலை செய்யும் ஆண் தோப்பில் இருக்கிறான். இரண்டு உலகத்துக்கும் நடுவே உள்ள சாலையில் நடந்தவர்கள் பெண்கள். உள்நாட்டில் எந்த வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் சாவு, யாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்பதெல்லாம் கடப்புறத்துப் பெண்களுக்குத் தெரியும். கடன் எழுதிவைக்காமலே கொடுப்பார்கள், மறக்காமல் வாங்குவார்கள். அந்தக் கடன்தான் அவர்களைத் திரும்ப அழைத்து வந்தது என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அவருக்கு வரவேண்டிய தொகை அப்போது மூன்றரை ரூபாய்.

வளர்ந்து, வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபின், அமைதிப் பேச்சுவார்த்தைகளின் நடவடிக்கைக் குறிப்பை எழுதும் வேலை அடிக்கடி என் மேசைக்கு வந்தது. கையெழுத்து தெளிவாக இருந்ததும் ஒரு காரணம். திருவிழா நெருங்கினால் மனுக்கள் வரத் தொடங்கும்: ஊர்வலம் போகும் வழி, ஒலிபெருக்கியின் நேரம், கொடிக்கம்பம் நடும் இடம், வளைவு கட்டும் இடம். எந்த மனுவிலும் இறைவனைப் பற்றிய சண்டை இல்லை. பத்தடி அகலமுள்ள ஒரு பாதையைப் பற்றிய சண்டைதான். புலப்படத்தை விரித்து வைத்து, சர்வே எண்ணைக் காட்டி, "இது புறம்போக்கு, இரண்டு பேருக்கும் பொது" என்று அதிகாரி சொல்வார். ஆனால் வந்திருப்பவர்கள் நிலத்தைக் கேட்டு வரவில்லை. தங்கள் வீட்டு வாசல் வழியாக மற்றவர் கொட்டும் மேளமுமாகப் போவதைத் தாங்கள் பொறுத்துக்கொண்டதாக ஊர் பேசுமே என்ற வருத்தத்தோடு வந்திருக்கிறார்கள்.

ஓர் ஆண்டு நடந்த பேச்சுவார்த்தை எனக்கு எழுத்தெழுத்தாக நினைவிருக்கிறது. உள்நாட்டு ஊரின் சந்தனக்குட ஊர்வலமும் கடப்புறத்து ஊரின் தேர்ப்பவனியும் ஒரே சிறுசாலையைப் பயன்படுத்துகிறவை. முதல் வரைவில், "ஊர்வலம் இவ்வழியே செல்ல அனுமதிக்கப்படுகிறது" என்று எழுதினேன். உள்நாட்டுத் தரப்பிலிருந்து ஒருவர் எழுந்து, "யாருக்கு யாரு சார் அனுமதி குடுக்கது? இது சர்க்கார் ரோடு" என்றார். அடித்துவிட்டு, "ஊர்வலம் மாமூல் வழியில் செல்லும்" என்று எழுதினேன். மறுபக்கத்து இளைஞர்கள் கொதித்தார்கள். மாமூல் என்ற சொல் காகிதத்தில் ஏறிவிட்டால் நாளை நீதிமன்றத்தில் அதுவே உரிமைக்குச் சான்றாகிவிடும் என்பது அவர்கள் அச்சம், அந்த அச்சத்தில் நியாயமும் இருந்தது. இரண்டு மணி நேரம் அந்த ஒரு சொல்லிலேயே கழிந்தது. வெளியே காவலர்கள் நின்றார்கள். உள்ளே தேநீர் ஆறிப்போய் மீண்டும் வரவழைக்கப்பட்டது.

அப்போது கடப்புறத்துப் பக்கத்தில் பின்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் எழுந்தார். அதுவரை வாய் திறக்காதவர். எதிர்த்தரப்பைப் பார்க்காமல், தம் ஊர் இளைஞர்களைப் பார்த்தே பேசினார்: "நம்ம தேரு போவும்போ அவிய வீட்டு முத்தத்துல வெளக்கு வச்சிருந்தாவ. அது மறந்து போச்சா ஒங்களுக்கு?" அறை அமைதியானது. சற்று நேரம் கழித்து உள்நாட்டுத் தரப்பில் ஒருவர், தங்கள் பக்கத்துப் பையன்கள் சென்ற ஆண்டு மீனவர்கள் சிலுவை வைத்து வழிபடும் குருசடிக்கு எதிரில் வேண்டுமென்றே வெடி போட்டது தவறு என்று ஒப்புக்கொண்டார். இருவரும் மாறிமாறித் தம் பக்கத்துத் தவறைச் சொன்ன அந்தப் பத்து நிமிடத்தில் முந்தைய இரண்டு மணி நேரத்தின் வேலை முடிந்துவிட்டது. இறுதியில் நான் எழுதியது இது: இவ்வாண்டு மாலை 6 மணிக்குள், குருசடிக்கு முன்பும் பின்பும் மேளமும் வெடியும் இன்றி ஊர்வலம் கடந்து செல்வது என்றும், இதை முன்னுதாரணமாகக் கொள்வதில்லை என்றும் இரு தரப்பினரும் ஒப்புக்கொள்கின்றனர்.

முன்னுதாரணமாகக் கொள்வதில்லை என்ற அந்தத் தொடரை என் பணிக்காலத்தில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அது மிகவும் பயனுள்ள தொடர். அது இல்லையென்றால் பல இடங்களில் அன்றைய இரவே இரத்தம் சிந்தியிருக்கும். ஆனால் அதன் பொருள், அடுத்த ஆண்டும் இதே மேசையில் இதே ஆட்கள் இதே சண்டையோடு உட்காருவார்கள் என்பதும்தான். ஓராண்டு அமைதியை வாங்கித் தருகிற காகிதம் அது. அந்த ஓராண்டை இரண்டு ஊர்களும் எதற்குப் பயன்படுத்தின என்று யாரும் கேட்பதில்லை என்பதே என் குறை. பெரும்பாலான ஊர்களில் அந்த ஓராண்டு அடுத்த மனுவுக்கான ஆதாரங்களைச் சேர்ப்பதில் கழிகிறது.

இதற்குள் இடையிலிருந்த பாதையும் மாறிவிட்டது. 1982-க்குப் பின் கடப்புறத்து ஊர்களும் உள்நாட்டு ஊர்களும் ஒன்றையொன்று பாராமல் வாழக் கற்றுக்கொண்டன. கடைகள் தனி, ஆட்டோ நிறுத்தம் தனி. நடந்து வந்த பெண்களின் இடத்தில் மோட்டார் சைக்கிளில் பெட்டி வைத்து மீன் விற்கும் ஆண்கள் வந்தார்கள். அவர்கள் ஹாரன் அடித்து நிற்கிறார்கள், எடை போடுகிறார்கள், பணம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். வெள்ளம் குடிக்க நிற்பதில்லை. வசதி பெருகியதை நான் குறை சொல்லவில்லை. தலைச்சுமையோடு பத்து மைல் நடந்த அந்தப் பெண்களின் கழுத்து வலியை நினைத்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. ஆனால் ஒரு வீட்டின் நல்லது கெட்டது மறுபக்கத்துக்குத் தெரிய இருந்த வழி அடைந்துபோனது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2004 டிசம்பர் 26 காலை அந்த வழி வேறு விதமாகத் திறந்தது. ஆழிப்பேரலை இந்த மாவட்டத்தில் ஏறத்தாழ எண்ணூறு பேரைக் கொண்டுபோனது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடிப் பகுதிகளில் இழப்பு மிகுதி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியத்துக்குள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கதவுகள் திறக்கப்பட்டன. மாலைக்குள் உள்நாட்டு வீடுகளிலிருந்து சோற்றுப் பானைகளும் பாய்களும் வந்து குவிந்தன. முகாமில் பெயர்ப் பட்டியல் எழுதும் பணி எனக்கு. 1982-இல் மீன் வாங்கக் கூடாது என்று தீர்மானம் போட்ட ஊர்க்கூட்டத்தின் அதே பெரிய செம்புப் பானையில் அன்று கஞ்சி காய்ந்தது. எண்பத்தைந்து வயதைத் தொட்டிருந்த பாட்டி என்னிடம் ஒரு துணிப்பொட்டலத்தைக் கொடுத்தனுப்பினார். உள்ளே இரண்டு சேலைகளும் ஒரு கருப்பட்டிச் சிப்பமும். "அவ வந்திருக்காளான்னு பாரு மக்களே" என்றார். மூன்றாவது நாள் வேறொரு முகாமில் அந்தப் பெண்மணியைக் கண்டேன். மகனை இழந்திருந்தார். பொட்டலத்தை வாங்கிப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, "பாட்டிக்கு நடக்க முடியுதா" என்று கேட்டார்.

2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கி புயல் இன்னொரு பாடம். ஒரே காற்று கடலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் ஆழ்கடல் மீனவர்களைக் கொண்டுபோனது. கரையில் வாழையையும் ரப்பரையும் வேரோடு சாய்த்தது. இரு பக்கத்தாரும் நிவாரணம் கேட்டுப் போராடினார்கள்; ஆனால் பெரும்பாலும் தனித்தனியாக. குழித்துறையில் மீனவர்கள் தண்டவாளத்தில் அமர்ந்து கடலுக்குள் தேடும் பணியை விரைவுபடுத்தச் சொல்லிக் கேட்டபோது, விழுந்த வாழைகளின் கணக்கோடு விவசாயிகள் வேறோர் அலுவலகத்தின் வாசலில் நின்றார்கள். இவ்விரண்டு கூட்டமும் ஒரே கூட்டமாக ஒருநாள் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் இன்றும் நினைப்பதுண்டு.

அதற்கு முந்தைய ஆண்டு இனயம் துறைமுகத் திட்டம் எழுந்தபோதும் இதையே கண்டேன். 2016 சூலையில் மத்திய அமைச்சரவை அதற்குக் கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. பின்னர் இடம் இதே மாவட்டத்தின் கோவளத்துக்கும் கீழமணக்குடிக்கும் இடைப்பட்ட கடற்கரைக்கு மாறியது. கடலை நம்பி வாழ்வோர் தங்கள் கரை போய்விடும் என்று எதிர்த்தார்கள். வேலைவாய்ப்பு வரும் என்று நம்பி ஆதரித்தவர்களில் பலர் உள்நாட்டினர். இரு வாதங்களும் வாழ்வாதாரத்தைப் பற்றியவை, உட்கார்ந்து பேசக்கூடியவை. ஆனால் சில மாதங்களுக்குள் தெருமுனைப் பேச்சில் அது இன்னாருடைய துறைமுகம், இன்னாருடைய எதிர்ப்பு என்று மத அடையாளத்தோடு பேசப்பட்டது. பழைய கோடு அழியாமல் இருப்பதால் எந்தப் புதிய வேறுபாடும் எளிதாக அதன்மேல் போய் விழுகிறது.

மூன்று சமயத் தலைவர்கள் மேடையில் கைகோத்து உயர்த்தும் படம் ஆண்டுதோறும் நாளிதழ்களில் வருகிறது. அதை நான் மதிக்கிறேன். அந்தப் படத்துக்குப் பின்னால் உண்மையான உழைப்பு இருப்பதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆனாலும் இரண்டு ஊர்களின் கமிட்டிச் செயலாளர்கள் ஒருவர் கைபேசி எண்ணை மற்றவர் வைத்திருப்பதும், நள்ளிரவில் அழைத்தால் எடுப்பதும் அதைவிடப் பயனுள்ளது என்று என் அனுபவம் சொல்கிறது. 1982-இல் வதந்தி சைக்கிளில் வந்தது. பேருந்து நடத்துநர் வாயிலிருந்து வந்தது. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போக அதற்கு அரைமணி நேரமாவது ஆனது. இப்போது அதற்கு அரை நிமிடம் போதும். அதை மறுக்கும் குரலும் அதே விரைவில், அதுவும் எதிர்த்தரப்பிலிருந்தே வர வேண்டும். தன் பக்கத்திலிருந்து வரும் மறுப்பை யாரும் நம்புவதில்லை.

மேலே சொன்ன சந்தனக்குட ஊர்வலத்தின் அடுத்த ஆண்டு, பேச்சுவார்த்தைக்கு முன்பே நானும் அந்த முதியவரும் இரு ஊர்க் கமிட்டியினரையும் ஒரு தேநீர்க் கடையில் சந்திக்க வைத்தோம். அதிகாரி இல்லை, குறிப்பேடு இல்லை. எண்களை மட்டும் பரிமாறிக்கொண்டார்கள். ஊர்வலத்தன்று இரவு பத்து மணிக்கு, குருசடி அருகே சந்தனக்குடம் மீது கல்லெறிந்து ஒரு பையனின் மண்டை உடைந்துவிட்டது என்று செய்தி பரவியது. கம்புகளோடு இளைஞர்கள் சந்திப்பில் கூடத் தொடங்கினார்கள். உள்நாட்டுக் கமிட்டிச் செயலாளர் என் எதிரிலேயே மறுபக்கத்துச் செயலாளரை அழைத்தார். அவர் அப்போது குளச்சலில் ஒரு மருத்துவமனையின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மண்டை உடைந்த பையனை அங்கே கொண்டுபோனதே அவர்தான். மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தவன் அவன். பையனைப் பேச வைத்தார். கைபேசியை உரக்க ஒலிக்க வைத்து, அவன் குரலைச் சந்திப்பில் நின்ற எல்லாருக்கும் கேட்க வைத்தோம். அவன் அம்மாவைத் தேடி அழுதான். வண்டி உடைந்ததற்கு அப்பா அடிப்பாரா என்று கேட்டான்.

கம்புகள் உடனே கீழே விழவில்லை. சிலர் போனார்கள், சிலர் நின்றார்கள். பதினொன்றரை மணிக்கு மறுபக்கத்துச் செயலாளர் அந்தப் பையனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, தலையில் கட்டோடு, எங்கள் பக்கத்துச் சந்திப்புக்கே வந்து இறங்கினார். தனியாக வந்திருந்தார். அந்தப் பக்கத்துக்கு அந்த நேரத்தில் அவர் வந்தது அதற்குமுன் நடந்ததில்லை. பையனின் தாய் ஓடி வந்து மகனைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவரைப் பார்த்து, "உள்ள வாருங்கோ அண்ணே, ஒரு காப்பியாவது குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். இரண்டு செயலாளர்களும் அந்த வீட்டு முற்றத்தில் அமர்ந்து சுக்குக் காப்பி குடித்தார்கள். சந்திப்பு முழுவதும் காலியாகும்வரை, இரவு இரண்டு மணிவரை, அவர்கள் எழுந்திருக்கவில்லை.